கேளுங்கள், மெயில் சர்வர்காரரை!

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஃபைலைச் சுற்றியே இருந்ததால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அலையஸ் என்பது பெட்டி இல்லாத முகவரி. 'அக்கவுன்ட்ஸ்' என்ற முகவரிக்கு மெயில் வரும். அந்தப் பெயரில் ஆளும் கிடையாது, பெட்டியும் கிடையாது. சர்வர் ஒரு பட்டியலைப் பார்த்து, உரிய ஆளின் பெட்டியில் போட்டுவிடும். அந்தப் பட்டியல் கெட்டால் ஆபீஸே பேஜார்தான். நான் சொல்வதெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வருக்கு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. மெயில் சர்வரும் என் தலையில்தான். இம்போர்ட் டாக்குமென்ட் வரும் 'டாக்ஸ்' முகவரியில் பழைய ஆளை எடுத்துவிட்டுப் புது ஆளின் பெயரை அலையசஸ் ஃபைலில் போட்டு சேவ் செய்தேன். மெயில் இன்னும் பழைய ஆளுக்கே போகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் பார்த்துவிட்டேன். என்ன பண்ணுவது சார்?
— பாரிமுனை வாசகர்

ரீஸ்டார்ட்டை விடுங்கள் சார், இந்த நோய்க்கு அது மருந்தே இல்லை. நீங்கள் திருத்தியது ஈடிசி டைரக்டரியில் இருக்கும் 'அலையசஸ்' என்ற டெக்ஸ்ட் ஃபைல். போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் படிப்பதில்லை. பக்கத்திலேயே 'அலையசஸ்.டிபி' என்று இன்னொன்று இருக்கும். டெக்ஸ்டிலிருந்து தயாரித்த டேட்டாபேஸ் அது, ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தேடுவது அதில்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் திருத்த மனு கொடுத்துவிட்டு, சாவடியில் பழைய அச்சுப் பட்டியலை வைத்திருப்பவரிடம் சண்டை போடுகிற கதை உங்களுடையது. பட்டியலைத் திரும்ப அச்சடிக்க வேண்டும்.

ரூட் (நிர்வாகி) உரிமையோடு 'நியூஅலையசஸ்' என்று தட்டுங்கள், அவ்வளவுதான். சத்தமில்லாமல் முடிந்தால் நல்ல சேதி. ரீலோட்கூட வேண்டாம், டேட்டாபேஸ் மாறியதை போஸ்ட்ஃபிக்ஸ் தானே கண்டுகொள்ளும். 'மெயின்.சிஎஃப்' என்ற செட்டிங்ஸ் ஃபைலில் கை வைத்தால்தான் ரீலோட். சில லினக்ஸ்களில் சர்வீஸ் தொடங்கும்போதே ஒரு ஸ்கிரிப்ட் இந்த வேலையைச் செய்துவிடும். உங்களுடையதில் அப்படி இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

கட்டளையின் பெயர் சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வரின் காலத்தது. பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய அந்த சர்வர் 1983-இல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளியே வந்தது. வீட்சே வெனெமா ஐபிஎம்மில் இருந்தபடி 1998-இல் போஸ்ட்ஃபிக்ஸை வெளியிட்டபோது, உள்ளே எல்லாவற்றையும் புதிதாக எழுதினாலும் வெளியே தெரியும் கட்டளைகளில் சென்ட்மெயில் வாசனையை விட்டுவைத்தார். அதனால்தான் நாற்பது வருடப் பழக்கம் இன்னும் செல்லுபடியாகிறது.

மெயில் லாகைத் திறந்து பார்த்திருந்தால் சர்வரே உங்களிடம் சொல்லியிருக்கும். அலையசஸ்.டிபி மூல ஃபைலைவிடப் பழையது என்று ஒரு எச்சரிக்கை வரி அதில் விழும். லாக் படிக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் குறைவு. ஏதாவது நடக்கவில்லை என்றால் முதலில் கை போவது பவர் பட்டனுக்கு.

இப்போது சரிபார்க்க வேண்டும். டெஸ்ட் மெயில் அனுப்பிவிட்டு, 'வந்துச்சா, வந்துச்சா' என்று பக்கத்து மேசையில் கேட்க வேண்டாம். டேட்டாபேஸையே கேளுங்கள் ('ஹாஷ்' என்பது அதன் வகை): 'போஸ்ட்அலையஸ் -க்யூ டாக்ஸ் ஹாஷ்:/ஈடிசி/அலையசஸ்'. அதில் இப்போது என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டும். புது ஆளின் பெயர் வந்தால் இந்தப் பக்கம் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகும் மெயில் பழைய ஆளுக்கே போனால்? அப்போது 'வர்ச்சுவல்' என்ற ஃபைலைத் தேடுங்கள். ஒரே சர்வரில் இரண்டு டொமைன் வைத்திருக்கும் ஆபீஸ்களில் இது இருக்கும். மெயில் உள்ளே நுழையும்போதே வர்ச்சுவல் பட்டியலைத்தான் பார்க்கும், பிறகுதான் அலையசஸ் பட்டியலுக்கு வரும். அங்கே 'டாக்ஸ்' பழைய ஆளுக்குத் திரும்பியிருந்தால் இங்கே நீங்கள் எழுதியதை யாரும் எட்டியே பார்க்க மாட்டார்கள். இரண்டு ஃபைலின் இலக்கணமும் வேறு. அலையசஸில் இடப்பக்கம் வெறும் பெயர், பிறகு ஒரு கோலன். வர்ச்சுவலில் இடப்பக்கம் முழு முகவரி, கோலன் கிடையாது. அதை நியூஅலையசஸ் தொடாது, அதற்கு 'போஸ்ட்மேப்' என்று தனிக் கட்டளை. இதைக் குழப்பிக்கொண்டு, வர்ச்சுவலில் கோலன் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு இடமும் உண்டு. 'போஸ்ட்கான்ஃப் அலையஸ்_மேப்ஸ் அலையஸ்_டேட்டாபேஸ்' என்று தட்டினால் இரண்டு வரி வரும். முதல் வரி, சர்வர் எங்கே தேடுகிறது என்பது. இரண்டாவது வரி, நியூஅலையசஸ் எதைக் கட்டுகிறது என்பது. இரண்டும் வேறு வேறு ஃபைலைக் காட்டினால் ராத்திரி முழுக்க நியூஅலையசஸ் தட்டினாலும் ஒன்றும் ஆகாது.

அப்புறம் ஒன்று. பழைய ஆளின் பெட்டியில் ஏற்கெனவே விழுந்த பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எல்லாம் அங்கேயேதான் கிடக்கும், அலையஸ் போய் அவற்றை எடுத்து வராது. துறைமுகத்தில் கன்டெய்னருக்கு ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாட்கள்) ஓடிக்கொண்டிருக்கிறது. நியூஅலையசஸ் தட்டிய கையோடு முதலில் அவற்றை எடுங்கள்.

போஸ்ட்மாஸ்டர் என்று ஒரு அலையஸ் ஃபைலில் முதலிலிருந்தே இருக்கிறது. ஸ்பேம்தான் வருகிறது. எடுத்துவிடலாமா?
— கொருக்குப்பேட்டை வாசகர்

கூடாது. மெயில் வாங்கும் எந்த டொமைனுக்கும் போஸ்ட்மாஸ்டர் முகவரி கட்டாயம். 1982-இன் ஆர்எஃப்சி 822 என்ற இணைய விதி ஆவணத்திலும் இருக்கிறது, 2008-இன் 5321-லும் இருக்கிறது. உங்கள் சர்வரிலிருந்து குப்பை போகிறது என்று வெளியாள் புகார் சொல்ல 'அப்யூஸ்' என்ற முகவரியும் வையுங்கள். 1997-இன் ஆர்எஃப்சி 2142 இப்படிப் பொதுப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. ஸ்பேமை ஃபில்டர் செய்யுங்கள், கதவைப் பூட்டாதீர்கள்.

காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. எங்களிடம் பல வருஷம் இருந்த மேனேஜர் நின்றுவிட்டார். அவர் பெயரில் இருக்கும் முகவரிக்கு இன்னும் பையர்கள் எழுதுகிறார்கள். அதை என்ன செய்வது அண்ணே?
— ராயபுரம் வாசகர்

தம்பி, இரண்டு வேலை இருக்கிறது. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பெட்டியை மூடிவிட்டு, அதே பெயரை அலையஸாகப் போட்டு 'எக்ஸ்போர்ட்' முகவரிக்குத் திருப்புங்கள். பையர்களுக்கு ஒரு மெயில் எழுதிப் புது முகவரியைச் சொல்லுங்கள். ஒரு சீசன் போகட்டும். பிறகு அந்த அலையஸை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் சர்வர் 550 எண்ணோடு 'இப்படி ஒரு ஆள் இல்லை' என்று திருப்பிவிடும், அனுப்பியவருக்கு விஷயம் தெரிந்துவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில் வலப்பக்கம் '/டெவ்/நல்' என்று எழுதி மெயிலைக் கிணற்றில் போடுகிறார்கள். பையருக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆர்டர் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருப்பார், கடைசியில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அதற்கு 550 எவ்வளவோ மேல். இன்னும் மரியாதையாகச் செய்ய வேண்டுமானால் போஸ்ட்ஃபிக்ஸில் 'ரீலொகேட்டட்' என்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் எழுதினால், ஆள் இன்ன முகவரிக்கு மாறிவிட்டார் என்று சொல்லியே மெயிலைத் திருப்பும்.

பெரிய வேலை எது என்றால், அவர் பெயரை ஃபைலின் வலப்பக்கங்களில் தேடுவது. 'சேல்ஸ்', 'பேங்க்', 'ரூட்' என்று எத்தனை வரிகளில் அவர் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். 'க்ரெப்' போட்டுத் தேடினால் நிமிஷத்தில் வந்துவிடும். அப்புறம் சர்வருக்கு வெளியேயும் பாருங்கள். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் எந்த மெயில் பதிவாகி இருக்கிறது? பேங்குக்கு எதைக் கொடுத்தீர்கள்? ஷிப்பிங் லைன் லாகின் யார் முகவரியில்? எல்லாம் அவர் பெயரில் இருந்தால் பாஸ்வேர்டு ரீசெட் ஒவ்வொன்றும் அவர் பெயருக்குத்தான் வந்து விழும். வெளியே கொடுக்கும் முகவரி எப்போதும் வேலையின் பெயரில் இருக்கட்டும். 'எக்ஸ்போர்ட்', 'கஸ்டம்ஸ்', 'ஐஸ்பிளான்ட்' என்று எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மனிதர் பெயர் மட்டும் வேண்டாம். இன்றைக்கு அந்த வேலையை யார் பார்க்கிறார் என்பது அலையஸ் ஃபைலுக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு வரிக்கு மேலும் '#' போட்டு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: யார் சொல்லி, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று. நான் பார்த்துக்கொள்ளும் ஃபைல்களில் முகவரி வரிகளைவிடக் குறிப்பு வரிகள்தான் அதிகம். சண்டை வரும் நாளில் அதுதான் சாட்சி.

பள்ளிக்கு வரும் மெயில் எல்லாம் தலைமையாசிரியை அம்மாவின் ஜிமெயிலுக்குப் போகும்படி அலையஸ் போட்டிருக்கிறோம். பாதி வருகிறது, பாதி ஸ்பேமில் விழுகிறது, சில வருவதே இல்லை. அலையஸ் தப்பா?
— பெரம்பூர் வாசகி

அலையஸில் தப்பில்லை அம்மா. மெயிலை வெளியே தள்ளுவதில்தான் சிக்கல். ஒரு பெற்றோர் தன் ஆபீஸ் முகவரியிலிருந்து எழுதுகிறார் என்று வையுங்கள். அந்த டொமைன், 'என் மெயில் இன்னின்ன சர்வரிலிருந்துதான் வரும்' என்று எஸ்பிஎஃப் பதிவில் அறிவித்திருக்கும். உங்கள் அலையஸ் அந்த மெயிலை அனுப்பியவர் முகவரியை மாற்றாமல் அப்படியே கூகுளுக்குத் தள்ளுகிறது. கூகுள் பார்க்கும்போது மெயில் வருவது பெரம்பூரில் இருக்கும் உங்கள் சர்வரிலிருந்து, அந்த அறிவிப்பிலோ உங்கள் சர்வர் இல்லை. சந்தேகம் வருமா, வராதா? டிகேஐஎம் (அனுப்பும் டொமைன் மெயிலிலேயே போடும் டிஜிட்டல் கையெழுத்து) உள்ள மெயில் தப்பிப் பிழைக்கும், உள்ளடக்கத்தை யாரும் தொடாதவரை. அது இல்லாதது மாட்டிக்கொள்ளும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கேட்கிறது.

எஸ்ஆர்எஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வழியில் அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைன் பெயருக்கு மாற்றி எழுதி அனுப்பும். அதைப் போட்டாலும் உங்களுக்கு வரும் ஸ்பேமையும் சேர்த்தே நீங்கள் கூகுளுக்கு அனுப்புவீர்கள். கூகுளின் கணக்கில் ஸ்பேம் அனுப்பியது நீங்கள்தான். நான் சொல்வது இது: அலையஸை எடுத்துவிட்டு அம்மாவுக்கு உங்கள் சர்வரிலேயே ஒரு பெட்டி கொடுங்கள். போனில் இருக்கும் மெயில் ஆப்பில் ஐமேப் வழியாக அந்தப் பெட்டியைச் சேர்த்துவிடுங்கள். ஜிமெயில் ஆப்பிலேயே அது முடியும். அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது.

எங்கள் ஃபுட்பால் கிளப்புக்கு ஒரே அலையஸில் எல்லா மெம்பர் முகவரியையும் கமா போட்டு எழுதி வைத்திருக்கிறோம். யாராவது ஒருவர் மெயில் போட்டால், செத்துப்போன முகவரிகளிலிருந்து வரும் பவுன்ஸ் எல்லாம் அவர் தலையிலேயே விழுகிறது. பசங்க மெயில் போடவே பயப்படுகிறார்கள்.
— வியாசர்பாடி வாசகர்

கமா வரிசையை உடனே எடுத்துவிடுங்கள். மெம்பர் முகவரிகளை வரிக்கு ஒன்றாக ஒரு தனி டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள். அலையசஸில் வலப்பக்கம் ':இன்க்ளூட்:' என்று போட்டு அந்த ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். இதில் ஒரு சௌகரியம், மெம்பர் ஃபைலைத் திருத்தினால் நியூஅலையசஸ் தட்ட வேண்டாம். ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் அதைப் புதிதாகத் திறந்து படிக்கும். கிளப் செகரட்டரியிடம் அந்த ஒரு ஃபைலை மட்டும் திருத்தும் உரிமை கொடுத்துவிட்டு நீங்கள் கிரவுண்டுக்குப் போகலாம்.

பவுன்ஸுக்கு மருந்து ஒரே வரி. அலையஸ் பெயர் 'டீம்' என்றால் 'ஓனர்-டீம்' என்று இன்னொரு அலையஸ் எழுதி, செகரட்டரிக்குத் திருப்புங்கள். அப்படி ஒன்று இருப்பதைப் பார்த்தாலே போஸ்ட்ஃபிக்ஸ் உறை முகவரியை (பவுன்ஸ் திரும்பிப் போகும் அனுப்புநர் முகவரியை) அதற்கு மாற்றிவிடும். பவுன்ஸ் எல்லாம் அங்கே போகும், எழுதியவர் நிம்மதியாக இருப்பார். செகரட்டரி அதைப் பார்த்துச் செத்த முகவரிகளை எடுத்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெட்டியும் ஒருநாள் பொங்கும். ஒன்றை மறக்காதீர்கள், இன்க்ளூட் வர்ச்சுவல் ஃபைலில் வேலை செய்யாது. அங்கிருந்து அலையசஸுக்குத் திருப்பி, அலையசஸிலிருந்து இன்க்ளூட்.

இந்த முகவரி தெரிந்த எவனும் கிளப் முழுக்க மெயில் போடலாம் என்பதையும் யோசியுங்கள். அனுப்பும் உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டும், தானே சேரவும் விலகவும் வசதி வேண்டும் என்று ஆரம்பித்தால் அலையஸை விட்டுவிட்டு மெயில்மேன் போன்ற லிஸ்ட் மென்பொருளுக்குப் போய்விடுங்கள்.

எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு முகவரி கொடுக்க ஆசை. எல்லாப் பெயருக்கும் சேர்த்து ஒரே வரியில் 'கேட்ச்-ஆல்' போட்டால் போதும் என்கிறார் தம்பி. போடலாமா?
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

வேண்டாம் சகோதரி. வர்ச்சுவல் ஃபைலில் வெறும் '@' போட்டு டொமைனை எழுதினால், உங்கள் டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் சர்வர் வாங்கிக்கொள்ளும். ஸ்பேம் போடுகிறவன் பெயர்களை இஷ்டத்துக்கு அடித்துப் பார்ப்பான், ஒன்றுகூட அவனுக்குத் திரும்பாது. அதைவிட மோசமானது இன்னொன்று. ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்களின் மெயிலையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடும். அலையஸ் முதலில், பெட்டி பிறகு என்பதுதான் வரிசை. ஒவ்வொரு பெட்டிக்காரரையும் 'இவர் இவருக்கே' என்று தனித்தனி வரியில் எழுதி வைத்தால்தான் தப்பிக்க முடியும். முதல் நாள் உங்கள் கணவரின் மெயில் எல்லாம் உங்கள் பெட்டியில் விழும்போது இந்தப் பதிலைத் தேடிப் படிப்பீர்கள்.

உங்களுக்கு வேண்டியது பிளஸ் முகவரி. 'ரெசிபியன்ட்_டிலிமிட்டர்' என்ற அமைப்பில் '+' கொடுத்துவிடுங்கள். பிறகு 'ஆர்டர்ஸ்+ஈரோடு', 'ஆர்டர்ஸ்+சூரத்' என்று எது கொடுத்தாலும் மெயில் 'ஆர்டர்ஸ்' பெட்டிக்கே வரும். டேட்டாபேஸில் ஒரு வரிகூடக் கூட்ட வேண்டாம். சில வெப்சைட் படிவங்கள் பிளஸ் குறியை ஏற்க மறுக்கும். அப்படிப்பட்ட சப்ளையர் ஒருவர் இருவருக்கு மட்டும் தனி அலையஸ் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு மெயில் சர்வர் போட்டிருக்கிறேன். அலையஸ்களை ஃபைலில் வைப்பதா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைப்பதா? சீனியர்கள் ஹாஷ் பழசு என்கிறார்கள்.
— திருவொற்றியூர் மாணவர்

தம்பி, யார் திருத்தப் போகிறார் என்று பாருங்கள். நீங்கள் ஒருவர்தான் என்றால் ஃபைல். வெப் பேஜில் நாலு பேர் திருத்த வேண்டும் என்றால் மைஎஸ்க்யூஎல். அதில் மாற்றிய அடுத்த நொடியே சர்வருக்குத் தெரியும், நியூஅலையசஸ் வேலை இல்லை. ஆனால் டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் மெயிலும் படுக்கும். நல்லவேளை, போஸ்ட்ஃபிக்ஸ் அப்போது 'ஆள் இல்லை' என்று 550 சொல்லாது. 451 சொல்லி, பிறகு வரச் சொல்லும். அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்துத் திரும்ப முயலும்.

சீனியர்கள் சொல்வதில் விஷயம் உண்டு. ஹாஷ் என்பது பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதை வைத்திருந்த ஸ்லீப்பிகேட் கம்பெனியை 2006-இல் ஆரக்கிள் வாங்கியது. 2013-இல் லைசென்ஸை இன்னும் கெடுபிடியான ஏஜிபிஎல்லுக்கு மாற்றியது. அதிலிருந்து சில லினக்ஸ்கள் பெர்க்லி டிபியை விட்டு விலகிவருகின்றன. ஆல்பைன் லினக்ஸில் ஹாஷ் கிடைக்காது, எல்எம்டிபி என்ற வேறு வகைதான். உங்கள் சர்வரில் என்ன இருக்கிறது என்று 'போஸ்ட்கான்ஃப் -எம்' சொல்லும். எல்எம்டிபிக்கு மாறினால் 'மெயின்.சிஎஃப்' ஃபைலில் 'ஹாஷ்:' என்று இருக்கும் இடமெல்லாம் 'எல்எம்டிபி:' ஆக வேண்டும், டேட்டாபேஸ்களையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்தப் பட்டியல் பாதி வழியில் நிற்கும்.

அலையசஸ் டெக்ஸ்ட் ஃபைலைத் தெரியாமல் அழித்துவிட்டேன். பேக்கப் இல்லை. டிபி ஃபைல் மட்டும் இருக்கிறது. மெயில் சரியாகத்தான் போகிறது. ஓனருக்கு இன்னும் சொல்லவில்லை.
— டோல்கேட் வாசகர்

சொல்லாமலே தப்பிக்கலாம். முதலில் எதையும் தட்டாதீர்கள். முக்கியமாக, காலி ஃபைல் ஒன்றை அதே பெயரில் உருவாக்கி நியூஅலையசஸ் போட்டுவிடாதீர்கள், இருக்கும் டேட்டாபேஸும் காலியாகிவிடும். டிபி ஃபைலை வேறு இடத்துக்கு ஒரு காப்பி எடுங்கள். பிறகு 'போஸ்ட்அலையஸ் -எஸ் ஹாஷ்:/ஈடிசி/அலையசஸ்' என்று தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரும் அதன் முகவரியும் வரிவரியாகத் திரையில் வரும். அதை ஒரு புது ஃபைலுக்குத் திருப்பி, ஒருமுறை கண்ணால் படித்து, பழைய பெயரில் வையுங்கள். வரிசை மாறியிருக்கும், '#' குறிப்புகள் எல்லாம் போயிருக்கும். குறிப்புகளை மட்டும் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். அதற்கு ஓனரிடம் கேட்க வேண்டி வந்தால் என்னைச் சொல்லாதீர்கள்.